கோன்கடை வீதியின் நூல்விளக்குகள்

திருப்பூர்ப் பக்கம் கோன்கடை வீதி என்று ஒரு வீதி. அங்கே விளக்கு வைக்கிற நேரம் ஒருநாள் வழக்கம்போல வந்தது. வந்தது வந்ததுதான், திரும்பிப் போகவில்லை. அது வந்தபோது அமராவதி, தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பி, முகம் கழுவி, சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, அடுப்பில் ஒரு கண்ணும் கையில் ஒரு கண்ணுமாகக் குட்டிப் பலூன்களுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு பொம்மை வீட்டுக்காக. அவள் புருஷன் நாச்சிமுத்து தச்சுவேலைக்காரன். ஊரில் பெரிய ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தன் பேத்தியின் பிறந்தநாளுக்கென்று எங்கேயோ பார்த்த படத்தைக் காட்டி, இதேபோல ஒரு வீடு வேண்டும், மாடி வேண்டும், மாடிக்கு ஏணிப்படி வேண்டும், கூடத்தில் ஊஞ்சல் வேண்டும், ஒவ்வொரு அறையிலும் உருண்டையாக நூல்கூண்டு போட்ட விளக்கு தொங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஏணிப்படியும் ஊஞ்சலும் நாச்சிமுத்துவுக்கு ஒரு பொருட்டில்லை. உளி பிடித்துத் தடித்த அந்த விரல்களுக்கு நூல்தான் எட்டிக்காய். "நூலுன்னா அது உன்ற இலாகா அம்மிணி" என்று மெல்லப் பொண்டாட்டி தலையில் கட்டிவிட்டான்.

அமராவதிக்கும் அதில் வருத்தமில்லை. கட்டைவிரல் பருமனுள்ள பலூனை வாயில் வைத்து ஒரே ஒரு மூச்சு, அரை மூச்சு என்றே சொல்லலாம், அவ்வளவு ஊதினால் நெல்லிக்காய் அளவுக்கு உப்பும். அதை முடிந்து, நூல் சுற்றி வரும் கோனின் அடியில் மிஞ்சிய கழிவு நூலை மைதாப் பசையில் தோய்த்து, குறுக்கும் நெடுக்குமாக, இடைவெளி விட்டு, அழுத்தாமல் தளர்த்தாமல் சுற்றி, துணிக் கொடியில் தொங்கவிட வேண்டும். பசை காய்ந்து நூல் விறைத்ததும் ஊசியால் ஒரு குத்து. உள்ளே பலூன் சுருங்கி வதங்கிவிடும், அதைக் கொண்டை ஊசியால் இழுத்து எடுத்தால் வெறும் நூலாலான கூண்டு மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்படி அறைக்கு ஒன்றாகச் செய்து, பொம்மை வீட்டு உத்தரங்களில் கட்டிவிட்டாள். உள்ளே வைக்கக் கோயில் சீரியல் செட்டிலிருந்து குட்டி பல்புகள் வாங்கி வருகிறேன் என்று நாச்சிமுத்து சட்டையை மாட்டினான். அவன் பித்தான் போட்டு முடிப்பதற்குள் விளக்குகள் எரிந்தன.

பல்பும் இல்லை, ஒயரும் இல்லை. மஞ்சளாக, நிதானமாக, சாமி மாடத்து விளக்கைப் போல எரிந்தன. நூலின் நிழல் சுவரெல்லாம் வலை வலையாக விழுந்தது. நாச்சிமுத்து, "அட, பல்புக் காசு மிச்சமாச்சு" என்றான். அமராவதி உலையில் அரிசியைப் போட்டாள். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, நல்லா எரியுதே என்றாள். ஏன் எரிகிறது, எதனால் எரிகிறது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எரிகிற விளக்கிடம் போய் ஏன் எரிகிறாய் என்று கேட்பது அந்த வீதியில் மரியாதையில்லை.

விடிந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அமராவதி தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு, செருப்பில் கால் நுழைக்கப் போனாள். எதிர்வீட்டிலிருந்து பழனாத்தாக்கா குரல் கொடுத்தாள்.

பழனாத்தாக்கா யாரென்றால், அந்த வீதிக்கு எது ஆகும் எது ஆகாது என்று சொல்கிறவள். பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை போட்டிருந்தாள். இட்லி ஒருநாள் கல்லாக இருக்கும், ஒருநாள் பஞ்சாக இருக்கும். வாக்கு மட்டும் என்றைக்கும் கல்தான்.

"அம்மிணி, எங்க கிளம்பிட்ட?"

"கம்பெனிக்குத்தானுங்கக்கா."

"ஊட்டுல வெளக்கு எரியுது. வெளக்கு வெச்ச பொறவு ஊட்டு லட்சுமி படியிறங்கலாமா?"

"காலைல எட்டு மணிங்கக்கா இப்ப."

"மணியை யாரு கேட்டா? வெளக்கு வெச்சிருக்குதா, இல்லியா?"

வைத்துத்தான் இருந்தது. நாச்சிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு நாளுதான, பெரியவிய சொல்றாங்கல்ல" என்றான். அவன் லட்சுமி கணக்கில் வராதவன் என்பதால் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு தாராளமாகப் படியிறங்கிப் போனான். கம்பெனி பஸ் வீதி முக்கில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

அந்த ஹாரன் அமராவதிக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று புரிய அவளுடைய மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். மலைமலையாகத் தைத்துக் குவிக்கிற கூட்டம் ஒரு பக்கம் இருக்க, வெளிநாட்டுக்காரன் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய முதல் உருப்படியைத் தைக்கிறவர்கள் தனியாக ஜன்னலோரத்தில் இருப்பார்கள். பிசிறு வெட்டுகிறவளாகச் சேர்ந்து, மடித்துக் கட்டுகிறவளாகி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாக ஓவர்லாக் மெஷினில் தைத்துப் பழகி, அந்த ஜன்னலோரத்துக்கு அவள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மெஷினுக்குத் தினமும் பொட்டு வைப்பாள். புருஷனை யாராவது குறை சொன்னால் பொறுத்துக்கொள்வாள். மெஷினைச் சொன்னால் சண்டைக்குப் போவாள். உலகத்தில் அவளுடையது என்று அவள் நினைத்தது அது ஒன்றைத்தான்.

மறுநாளும் விளக்குகள் எரிந்தன. ஜவுளிக்கடைக்காரர் வண்டியோடு வந்தார். விளக்கு வைத்த வீட்டிலிருந்து ஒரு பொருளை வெளியே கொடுக்கலாமா என்று பழனாத்தாக்கா கேட்டாள். அவரும் நாலும் தெரிந்த மனுஷர், கூடாதுதான் என்று ஒப்புக்கொண்டு, விளக்கு அமர்ந்ததும் வருகிறேன் என்று போனார். பிறகும் வந்தார், பிறகும் எரிந்தது. கடைசியில் பொம்மை வீட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டு, பேத்திக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அமராவதி செய்யாத வித்தையில்லை. விளக்கை வாயால் ஊதக்கூடாது என்பது அவள் ரத்தத்தில் ஊறிய பாடம், அதனால் பூவால் ஒற்றிப் பார்த்தாள், ஒரு சொட்டுப் பால் விட்டுப் பார்த்தாள். பாலில் நனைந்து இன்னும் பளபளப்பாக எரிந்தது. அண்டாவைப் போட்டுக் கவிழ்த்தாள். அண்டாவுக்குள் எரிந்தது. "கவுத்துனா என்ன, எரியறது எரியறதுதான? தானா ஏறுன வெளக்கு தானாத்தான் மலையேறோணும்" என்று பழனாத்தாக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அமராவதிக்கு அழுகை வந்தது. விளக்கு வைத்த நேரத்தில் அழுதாலும் ஆகாது என்றார்கள்.

அதற்குள் வீதிக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நாச்சிமுத்து வீட்டில் மட்டும் லட்சுமி குடியிருப்பது எப்படி, எங்களுக்கும் ஒன்று செய்து கொடு அம்மிணி என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள். அமராவதி ஒரு கணக்குப் போட்டாள். அது தப்புக்கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. எல்லார் வீட்டிலும் விளக்கு எரிந்தால் எல்லாப் பெண்களும் அடைபடுவார்கள், பழனாத்தாக்காவும் அடைபடுவாள், இட்லிக்கடையைச் சாத்திவிட்டு அவளால் எத்தனை நாள் இருக்க முடியும், சாத்திரத்தில் ஒரு சந்து கண்டுபிடித்துத் தானும் வெளியே வருவாள், நம்மையும் விடுவாள். இப்படி நினைத்து, கொண்டுபோகிறவர்கள் ஆண்களாக இருந்தால் குற்றமில்லை என்று பழனாத்தாக்காவிடமே அனுமதி வாங்கி, பலூன் பலூனாக ஊதி, நூல் நூலாகச் சுற்றி, முதல் விளக்கைப் பழனாத்தாக்கா வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள். உத்தரத்தில் கட்டியதும் எரிந்தது.

பழனாத்தாக்கா கடையைச் சாத்தினாள். தன் வாயால் சொன்னதற்குத் தானே அடங்கி, வாசற்படிக்கு உள்ளே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு அந்த வீதி வாழ்ந்த வாழ்வை என்னவென்று சொல்ல. விளக்கு வைத்த நேரத்தில் வீடு கூட்டக்கூடாது என்பதால் கூட்டாமல் விட்டு, குப்பை முழங்காலுக்கு ஏறவும், கூட்டலாம், ஆனால் வெளியே தள்ளாமல் மூலையில் ஒதுக்கி வைக்கலாம் என்று கோயில் கமிட்டி ஒரு வழி சொன்னது. தலை வாரக்கூடாது என்பதால் பெண்கள் தலையெல்லாம் சடை பிடித்து, விரலால் கோதிக்கொள்ளலாம், சீப்புதான் ஆகாது என்று இன்னொரு வழி வந்தது. விளக்கு வைத்த நேரத்தில் படுத்தால் மூதேவி வருவாள் என்பதால் உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். உட்கார்ந்து உறங்குவது உறக்கமல்ல, கண் மூடியிருப்பது என்று விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். உப்பு, மோர், ஊசி எதையும் கைமாற்றுக் கொடுக்கக்கூடாது என்றானதால், காலங்காலமாக ஒரு வீட்டு மோரில் இன்னொரு வீடு உறை ஊற்றிக்கொண்டிருந்த வீதியில் ஆளுக்கு ஆள் முகம் பார்ப்பது குறைந்தது. ஆண்கள் வேலைக்குப் போனார்கள், வந்தார்கள், காய்கறி வாங்கினார்கள், பேரம் பேசத் தெரியாமல் ஏமாந்தார்கள், வீட்டுக்கு வந்து வெளிச்சத்தைப் பார்த்து, எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். வீதி முனையில் தேங்காய் பழக் கடை முளைத்தது. பெண்கள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் முகத்தில் நூலின் நிழல் விழுந்திருந்தது.

கம்பெனித் தோழி ஸ்டெல்லா ஒருநாள் பஸ்ஸை முக்கில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடி வந்து ஜன்னலில் நின்றாள்.

"இன்னும் எத்தன நாளுடி? திங்கக்கிழமை நீ வரலீன்னா மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"வெளக்கு எரியுது ஸ்டெல்லா."

"எங்கூட்லயும் கரண்டு லைட்டு எரியுது. நான் வரல?"

அவள் வேற, அவளுக்கு இதெல்லாம் இல்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள். திங்கட்கிழமை அமராவதி குளித்து, நல்ல புடவையாகக் கட்டி, சோற்றுப்போசியோடு வாசற்படிக்கு உள்ளே நின்றாள். ஒரு காலில் செருப்பைப் போட்டுவிட்டாள். இன்னொரு செருப்பு படிக்கு வெளியே கிடந்தது. "ஏனுங்க, போயிட்டு வந்தரட்டுமா?" என்று நாச்சிமுத்துவைக் கேட்டாள். அவன் கெட்டவனில்லை, கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கென்ன அம்மிணி, நீ போனா நான் சந்தோசந்தான். வீதி என்ன சொல்லுமோ" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, ரொம்ப நேரம் அடித்தது, போனது. அமராவதி போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிய சோற்றைத் தானே உட்கார்ந்து தின்றாள். அன்றைக்கு அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு இந்த உலகத்தில் வேறு யார்மேலும் வந்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் அவளும் பழகிப்போயிருப்பாள். ஆனால் நல்லது செய்ய ஆரம்பித்தவர்களுக்கு நிறுத்தத் தெரியாதே. கோயில் கமிட்டி கூடி, பெண்குழந்தைகளும் லட்சுமிதானே, அவர்கள் மட்டும் விளக்கு வைத்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகலாமா என்று யோசித்து, கூடாது என்று முடிவு செய்தது. பக்கத்து வீட்டுத் தன்ஷிகா மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். அவள் பையை மாட்டிக்கொண்டு ஜன்னலில் ஏறி நின்று, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்து வழியாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, இந்த வெளக்கெல்லாம் நீங்கதான செஞ்சீங்க?"

"ஆமா கண்ணு."

"அப்ப எப்ப நிறுத்துவீங்க?"

அமராவதியால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் ஊதிய மூச்சு, அவள் சுற்றிய நூல், அவள் போட்ட கணக்கு. மறுநாள் காலை எழுந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், கேட்டால்தானே பதில் வரும் என்று, சீப்பை எடுத்துத் தலையை அழுந்த வாரிப் பின்னி, செருப்பை மாட்டி, படியிறங்கிவிட்டாள்.

வீதியே ஜன்னலுக்கு வந்தது. "அம்மிணீ!" என்று பழனாத்தாக்கா போட்ட சத்தத்தில் மின்கம்பிக் காக்காயெல்லாம் பறந்தது. முதுகுக்குப் பின்னால் வீதி முழுக்க விளக்கு பொட்டுப் பொட்டென்று அமர்கிறதோ என்று அமராவதி பயந்தாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். முக்கில் பஸ் நின்றது. ஏறிக்கொண்டாள்.

கம்பெனியில் அவள் மெஷினில் புதுப்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளும் மெஷினுக்குப் பொட்டு வைத்திருந்தாள். சூப்பர்வைசர், "நான் என்னம்மா பண்றது, கப்பலுக்குச் சரக்குப் போவோணும்ல" என்று பிசிறு வெட்டுகிற கத்தரியை நீட்டினார். ஆரம்பித்த இடத்துக்கே வந்தாயிற்று. அமராவதி கத்தரியை வாங்கிக்கொண்டு, பிசிறு மேஜையில் உட்கார்ந்து, வெட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே ஸ்டெல்லா சொன்ன ஏதோ ஒன்றுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாயங்காலம் பொழுதோடு பஸ் வந்து முக்கில் இறக்கிவிட்டபோது வீதியில் ஆண்கள் கூடி நின்றார்கள், பெண்கள் ஜன்னலில் நின்றார்கள். அமராவதி முதலில் தன் வீட்டைத்தான் பார்த்தாள். உத்தரத்துக்கு உத்தரம் விளக்குகள் எரிந்தன. வீதி நெடுக எரிந்தன. ஒன்றுகூட அமரவில்லை. அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"பாருங்க, நல்லாப் பாருங்க! நான் போனேன், வந்தேன். எது அமந்துச்சு? இத்தன நாளும் எதுக்கு உள்ள கெடந்தோம்?"

பழனாத்தாக்கா காலையிலிருந்து முக்காலியை விட்டு எழாமல் அமராவதியின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள் என்பதால் எல்லார் முகமும் அவளைத் திரும்பிப் பார்த்தன. சாத்தின கடையும், உட்கார்ந்தே உறங்கின உறக்கமும், சடை பிடித்த தலையும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள்.

"மங்குச்சு" என்றாள்.

"ஆமாமா, மங்குச்சு" என்றாள் ஒருத்தி. "நீ முக்கு திரும்பறப்ப ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா." "இப்பக்கூட மங்கித்தான் இருக்குது." தன்ஷிகாவின் அம்மா எல்லாரையும்விடச் சத்தமாக, "எங்கூட்டுதும் மங்கிப்போச்சு!" என்றாள். கமிட்டிக்காரர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மங்கித்தான் இருக்கிறது என்றார்கள். நாச்சிமுத்துவும் பார்த்தான். "லேசா... லேசா மங்குன மாதிரிதான் தெரியுது அமரா" என்றான்.

அமராவதியும் பார்த்தாள். வீதிக்கு வெளியே வெயிலையும் டியூப் லைட்டையும் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் நேற்றுப்போல இல்லை. மங்கியிருக்கிறதோ? உற்று உற்றுப் பார்த்தாள். இருக்கிறது என்றால் இருந்தது, இல்லை என்றால் இல்லை. இவர்களோடு சேர்ந்து தனக்கும் மங்கலாகத் தெரிகிறதே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"மங்குனா மங்கட்டும்" என்றாள் அமராவதி. சொல்லிவிட்டு உள்ளே போய், கை கால் நீட்டி, பாயில் படுத்து உறங்கினாள்.

காலையில் அவள் படியிறங்கியபோது வீதி ஜன்னலுக்கு வரவில்லை. ஜன்னல் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றது. பக்கத்து வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்தது. தன்ஷிகாவின் அம்மா சீருடை போட்ட பிள்ளையை வெளியே தள்ளி, அமராவதியின் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளை வந்து கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் எதிர்வீட்டைத் தாண்டும்போது, "அம்மிணி" என்று பழனாத்தாக்கா கூப்பிட்டாள். இந்தத் தடவை சத்தமே இல்லை.

"மங்கல. கண்ணு சிமிட்டாமப் பாத்தேன். ஒரு நூலளவுக்குக்கூட மங்கல."

"தெரியுமுங்கக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நேற்று முழுக்க இவள்மேல் கொதித்த கொதிப்பு எங்கே போயிற்று என்று அமராவதிக்கே தெரியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து பழனாத்தாக்காவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. படிக்கு வெளியே நின்றபடி அவளை நோக்கிக் கையை நீட்டினாள்.

"வாங்கக்கா. முக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிக்கலாம்."

பழனாத்தாக்கா எழுந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். முக்கில் ஹாரன் அடித்தது. தூக்கிய காலை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே கண்ணு" என்றாள்.